அண்ணன் இருக்கிற ஜெயில்

ஏட்டு தங்கப்பழத்தின் கை வேர்த்துக்கொண்டே இருந்தது, அதோடு சேர்ந்து பேச்சிராஜாவின் கையும் வேர்த்தது, எது யாருடைய வேர்வை என்று இனி பிரிக்க முடியாது. ஐந்து விரலுக்குள் ஐந்து விரலை நுழைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, பஸ்ஸில் ஜன்னலோரம் அவனையும் நடுவில் தன்னையுமாக உட்காரவைத்திருந்தார் ஏட்டு. பதினெட்டு ஆகாத பையனுக்கு விலங்கு போடக்கூடாது, காக்கிச் சட்டையோடு கூட்டிப்போகவும் கூடாது என்று உத்தரவு. கையைப் பிடிக்கக்கூடாது என்று அதில் இல்லை, அதனால் பிடித்திருந்தார். சர்வீஸ் முழுக்கக் கைதிகளை இப்படி விரல் கோத்துத்தான் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போயிருக்கிறார், கொலைகாரனும் கள்ளநோட்டுக்காரனும் அந்தக் கைக்குள் இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்றைக்குக் கட்டம்போட்ட சட்டையும் வேட்டியுமாக, யாரோ தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் மாதிரி இருந்தார், வேட்டியை ஒரு கையால் சரிபண்ண முடியாமல் அவஸ்தைப்பட்டுக்கொண்டிருந்தார். முருங்கைக்காய்க் கட்டை மடியில் வைத்திருந்த பக்கத்து சீட்டு அம்மாள் துண்டையும் பார்த்தாள், அவன் முகத்தையும் பார்த்தாள். "மவனாய்யா?" என்றாள். "ஆமா" என்றார் ஏட்டு. "ஒடம்புக்கு முடியலையோ?" "ஆமா. அடிக்கடி மயக்கம் போட்டுருவான், அதான் பிடிச்சிக்கிட்டு இருக்கேன்." அவள் உச்சுக்கொட்டினாள். உலகத்தில் எந்த அப்பன் பதினேழு வயது மகனின் கையை இப்படி எலும்பு நோகப் பிடித்துக்கொண்டு வருவான், அதை அவள் கேட்கவில்லை, ஆனால் பேச்சிராஜாவுக்குக் கேட்க வேண்டும்போல் இருந்தது. மயக்கம் நிஜமாகவே வருகிற மாதிரியும் இருந்தது. வெளியே காற்றாலைகள் சுற்றின, சில சுற்றாமல் நின்றன, ஒரே காற்றுதானே அடிக்கிறது, ஏன் சிலது மட்டும் நிற்கிறது. நல்ல இடத்துக்குப் போறல, என்று காலையில் கேட் வார்டர் சொன்னார். படிக்கவைப்பாங்க, கேரம் போர்டு இருக்கு, டிவி இருக்கு. கூர்நோக்கு இல்லம் என்று பெயராம். யாரோ ஒருத்தர் எந்நேரமும் முறைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. அங்கே போனதும் மறுநாளே போர்டு முன்னால் நிறுத்துவார்கள், ஒரு ஜட்ஜும் இரண்டு பேரும் இருப்பார்கள், அன்றைக்கு ராத்திரி கத்தி யார் கையில் இருந்தது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். நாளைக்கே சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று யாரிடம் கேட்பான், எதையும் கேட்கிற ஆள் அண்ணன் ஒருத்தன்தான், அவனோ பெரிய ஜெயிலில் இருக்கிறான், தன்னை அங்கிருந்து கூட்டிவரும்போது முகத்தைக்கூடக் காட்டவில்லை.

பத்தொன்பது என்று சொன்னது அவன் வாய்தான், அதற்கு யாரையும் குறைசொல்ல முடியாது. அம்மா செத்து, பள்ளிக்கூடத்தை விட்டு, அண்ணன் இசக்கிராஜா பின்னால் மைக் செட் வேலைக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து போன இடமெல்லாம் அதே வயதைச் சொல்லிப் பழக்கம், சின்னப்பயலைக் கம்பத்தில் ஏற்றினால் முதலாளிக்கு வம்பு வரும் என்பதால் அண்ணனே சொல்லிக்கொடுத்த வயது. ஒவ்வொரு வருசமும் பத்தொன்பதுதான், அது ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. ஸ்டேஷனில் கேட்டபோதும் அதுவே வந்தது. ஆனால் அங்கே வெறும் பழக்கத்தில் வந்ததா, அதுதான் சரியாகப் பிடிபடவில்லை. கேஸ் எழுதுகிற ரைட்டர், இவன் சின்னப்பயலா இருந்தா தனியா அனுப்பணுமே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது அவன் காதில் விழுந்த பிறகுதான் சொன்னான், தனியா என்ற சொல்லைக் கேட்டதும் பத்தொம்பது ஸார் என்றான், மீசையைத் தடவிக்கூடக் காட்டினான். அண்ணன் அவனைத் திரும்பிப் பார்த்தான். கொன்றுபோடுகிற பார்வை. ஆனால் அன்றைக்கு அவன் யாரிடமும் பேசுகிற நிலையில் இல்லை, அவன் சட்டையெல்லாம் செல்லையாவின் ரத்தம். கோயில் கொடைத் திருவிழா நடந்த ராத்திரி, இரண்டு தெருவுக்கு இரண்டு செட்டு, யார் குழாய் சத்தமாகப் பாடும் என்று போட்டி, பக்கத்துத் தெரு செட்டுக்காரன் செல்லையா அவர்கள் வயரை அறுத்துவிட்டான், பாட்டு நின்றுபோனது, அவ்வளவுதான் விஷயம். அதற்கு ஒருத்தன் சாக வேண்டுமா. அண்ணன் கம்பத்திலிருந்து இறங்கி, கத்தியை எடுல என்றான். வயர் சீவுகிற கத்தி. வயரை ஒட்டுப்போடத்தான் கேட்கிறான் என்று அவன் பெட்டியிலிருந்து எடுத்துக்கொடுத்தான், எத்தனையோ கொடையில் எடுத்துக்கொடுத்ததுதானே. அண்ணன் எந்தக் குரலில் கேட்டான்? வயருக்குக் கேட்கிற குரலிலா வேறு குரலிலா? அந்த இடத்தில் வந்து நினைப்பு ஒவ்வொரு தடவையும் நின்றுவிடும், மறுபடி கம்பத்திலிருந்து அண்ணன் இறங்குவான், மறுபடி எடுல என்பான், குரல் மட்டும் கேட்காது, உதடு அசைவதுதான் தெரியும், பக்கத்துத் தெருவில் அம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் அப்போதே கேட்கவில்லையோ என்னவோ. அந்தக் குரல் தெரிந்தால்தானே தன் கைக்குத் தப்பு உண்டா இல்லையா என்று தெரியும்.

பெரிய ஜெயிலில் அவன் அழவில்லை, அதுவே அவனுக்கு வெட்கமாக இருக்கும், மற்றவர்கள் அழுதார்கள். சுவரோரம் அவன், அவனை ஒட்டி அண்ணன், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் என்று படுப்பார்கள். அண்ணன் எப்போதும் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் படுப்பான், ஆட்கள் இருக்கிற பக்கம் முகம். தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அப்படிப் படுக்கிறானோ என்று பேச்சிராஜாவுக்குச் சங்கடமாக இருக்கும், இருந்தாலும் அந்த முதுகு தெரிந்தால் தூக்கம் வந்துவிடும். காசி மாமா அப்படி இல்லை, முகம் பார்த்துச் சிரிப்பார். பழைய தண்டனைக் கைதி, அந்த பிளாக்கில் அவர் வைத்ததுதான் சட்டம். பிஸ்கட் கொடுப்பார், அவித்த முட்டை கொடுப்பார், ராசா வந்து கால அமுக்கிவிடு என்பார். அவன் அமுக்கினான். கால் அமுக்குவதில் என்ன இருக்கிறது, முட்டை கிடைத்ததே. அண்ணனுக்கு மட்டும் அது ஆகவில்லை, இனிமே அவன்கிட்ட எதையாவது வாங்கித் தின்னேன்னா பல்லு இருக்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான், தனக்குக் கிடைக்காத முட்டைக்கு இந்தப் பொறாமையா என்று அவனுக்குக் கோபம் கோபமாக வந்தது. பிறகு காசி மாமா அவனைத் தன் பக்கம் வந்து படுக்கச் சொன்னார், அங்கே ஃபேன் காற்று வரும் என்றார். அண்ணன் விடவில்லை. அதற்கு அடுத்தாற்போலத்தான் அண்ணன் முகம் வீங்கி வந்தது, குளிக்கிற இடத்தில் வழுக்கிவிட்டது என்றான். கன்னம் ஒருபக்கம், உதடு ஒருபக்கம், விலா ஒருபக்கம், ஒரு வழுக்கில் இத்தனை இடத்தில் அடிபடுமா என்று நினைத்தான், கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை, முட்டைக் கோபத்தில் பேசாமல் இருந்த நாள் அது. பிறகு ஒரு பெண் ஜட்ஜ் ஜெயிலைப் பார்வையிட வந்தார், இங்கே பதினெட்டு வயது ஆகாதவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். அண்ணன் அவன் முதுகில் கைவைத்து வரிசையிலிருந்து வெளியே தள்ளினான். இவன் சின்னப்பய அம்மா, இவன் வயசு பொய், இவனக் கூட்டிட்டுப் போயிருங்க. அப்படியே சொன்னான், எல்லார் முன்னாலும் சொன்னான். முதுகில் அந்தக் கை பட்ட இடம் இன்னும் இருக்கிறது, இந்த சீட்டில் சாயும்போதுகூட அந்த இடம் மட்டும் வேறாகத் தெரிகிறது. மணிக்கட்டைப் படம் எடுத்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், எலும்பு உண்மையைச் சொல்லிவிட்டது.

அன்றைக்குத்தான் காசி மாமா அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஒங்கண்ணன் ஏன் உன் வயசச் சொன்னான்னு தெரியுமால? நீ பச்சப் பிள்ள, ஒலகம் தெரியல. சின்னப்பயலுக்கு எந்தக் கேஸா இருந்தாலும் மூணு வருசந்தான், அவனுக்கு ஆயுசு பூராவும் உள்ள. கேஸ உந்தலையில கட்டிட்டு அவன் கைய வீசிக்கிட்டு வெளிய போகப் போறான், இருந்து பாரு. அந்தப் பேச்சு காதில் பூந்த தண்ணீராக உள்ளேயே நின்றுவிட்டது, தலையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் வெளியே வரவில்லை. அப்படி இருக்குமா? அண்ணன் அப்படிப்பட்டவனா? தன் சோற்றில் பாதியைத் தள்ளிவைத்தவன், அம்மா செத்த வீட்டில் அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். ஆனால் கத்தியை எடுத்த அண்ணனையும் அவனுக்கு அதற்கு முன்னால் தெரியாதே. ஒருத்தனை நமக்குத் தெரியும் என்று எதை வைத்துச் சொல்வது. அப்படி இல்லையென்றால் ஏன் அத்தனை பேர் முன்னால் தள்ளினான், ஏன் அதற்குப் பிறகு சரியாகப் பேசவில்லை, ஏன் இன்றைக்குக் காலையில் பேரைக் கூப்பிட்டபோது திரும்பிப் படுத்துக்கொண்டான், சுவரைப் பார்த்து, என்றைக்கும் இல்லாமல் இன்றைக்குப் பார்த்துச் சுவரைப் பார்த்து? அண்ணே போய்ட்டு வாரேன் என்று இரண்டு தரம் சொன்னான், அந்த முதுகு அசையவில்லை. அப்படியென்றால் சரி. நாளைக்கு போர்டில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாம். அண்ணந்தான் குத்தினான், நான் வயருக்குத்தான் கத்தி கொடுத்தேன். மனசுக்குள் சொல்லிப் பார்த்தான், சொன்ன உடனே அழித்தான், மறுபடி சொன்னான். அவன் வேண்டாம் என்று தள்ளியவன்தானே. அவனுக்காக நான் ஏன் வாயை மூட வேண்டும். சின்னப்பயல் என்றானே, சின்னப்பயல் உண்மையைத்தான் சொல்வான். இப்படி நினைத்தபோது கண் எரிந்தது, ஏட்டு பார்த்துவிடக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வழியில் ஒரு ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டியிருந்தது. கட்டணக் கழிப்பறைக்குள்ளும் ஏட்டு விரலை விடவில்லை, ஆளுக்கு ஒரு கையோடு இரண்டு பேரும் பட்ட பாட்டைப் பார்த்து வாசலில் காசு வாங்குகிறவன் சிரித்தான். வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தார், ஒரு வடையும் வாங்கிக் கொடுத்தார். அப்போது அவர் செல்போன் அடித்தது. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் போல, வலியா, எப்பலேருந்து, அம்மாகிட்டக் குடு என்று கேட்டார். ஒரு கையில் போன், ஒரு கையில் டீ, விரல்கள் தானாகக் கழன்றன. பேச்சிராஜா தன் கையைப் பார்த்தான். விரலிடுக்கெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது, யாரோ ஒருத்தருடைய கை மாதிரி இருந்தது. ஓடிப்போகலாம் என்றெல்லாம் அவன் நினைக்கவே இல்லை, ஓடுவதற்கு அவனுக்கு ஊர் ஏது, வீடு ஏது, பூட்டிய ஓட்டுவீடும் செல்லையாவின் தம்பிமாரும்தான் அங்கே இருக்கிறார்கள். எதிர்வரிசையில் ஒரு பஸ் நின்றது. கண்டக்டர் படியில் நின்று அண்ணன் இருக்கிற ஊரின் பெயரைக் கூவிக் கூவி ஆள் ஏற்றினான். அண்ணனிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். என்னைக் கேஸுக்காகத் தள்ளினியா, இல்ல வேற எதுக்காச்சுமா. ஆமான்னு சொன்னாலும் சரி, இல்லேன்னு சொன்னாலும் சரி, ஒன்று தெரிந்துவிட்டால் தலைக்குள் இந்த இரைச்சல் நின்றுவிடும். அவன் நடந்தான், அவசரம் இல்லாமல், கொய்யாப்பழக்காரியைச் சுற்றிக்கொண்டு, டீக்கடை வாசலில் குவிந்து கிடந்த காகிதக் கப்புகளை மிதித்துக்கொண்டு, அந்த பஸ்ஸில் ஏறி, ஒரு கிழவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஜெயில் வாசலில் இறக்கிவிட்டால் உள்ளே விடுவார்களா, இல்லை உனக்கு இங்கே இடமில்லை போ என்பார்களா, இந்தச் சந்தேகம் உட்கார்ந்த பிறகுதான் வந்தது. கையில் டிக்கெட்டுக்குக் காசில்லை என்பது அதற்கும் பிறகு வந்தது. பஸ் உறுமியது. ஜன்னல் வழியாக ஏட்டு தெரிந்தார், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு முழுக்க ஓடிக்கொண்டிருந்தார், வாய் திறந்திருந்தது, எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாதவர்போல் சத்தம் மட்டும் இல்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ஏட்டய்யா, இங்க இருக்கேன்" என்று அவன்தான் கூப்பிட்டான்.

அறை விழும் என்று எதிர்பார்த்தான், விழவில்லை. ஏட்டு அவனை இறக்கி ஒரு தூணோரம் உட்காரவைத்து, தானும் வேட்டி அழுக்காவதைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. "சர்வீஸ் முடியப்போற நேரத்துல ஏண்டா இந்த வேல பாக்குத? எம்மவளுக்கு அங்க வலி எடுத்துட்டு, நான் இங்க ஒன்னத் தேடிக்கிட்டு அலையுதேன்" என்றார். அப்புறம் அந்த பஸ்ஸின் பலகையைப் படித்தார், அவன் முகத்தைப் பார்த்தார். "எவனாவது ஜெயிலப் பாத்து ஓடுவானால?" "எங்க அண்ணன்ட்ட ஒண்ணு கேக்கணும்." "என்னத்த?" அவன் சொன்னான். காசி சொன்னதையும் சொன்னான். ஏட்டு காசி என்ற பெயரைக் கேட்டதும் காறித் துப்பினார். "அந்த நாய் சொன்னதயா நீ தலையில போட்டுக்கிட்டுத் திரியுத? ஒங்கண்ணன் குளிக்கிற எடத்துல வழுக்கி விழலடா. காசியும் அவன் ஆளும் போட்டு மிதிச்சானுவ. ஒன்ன அவனுக பக்கம் அனுப்பமாட்டேன்னு நின்னதுக்கு. வெளிய சொன்னா ஒன்னத் தூக்கிருவோம்னு மிரட்டிருக்கானுவ, அதான் அந்த ஜட்ஜம்மா வாற வரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்திருக்கான். அந்தம்மாகிட்டத் தனியாப் பேசுனப்போ என்ன சொன்னான்னு தெரியுமா? குத்துனது நான், தம்பி வயருக்குக் கத்தி கேக்கேன்னு நெனச்சுக் குடுத்தான், அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருக்கான். கேட்டுல இருக்க வார்டர் எங்கூடப் படிச்சவன், அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும். தம்பிக்குத் தெரியக்கூடாது, தெரிஞ்சா போகமாட்டான்னு அவன்ட்ட சத்தியம் வாங்கிருக்கான் ஒங்கண்ணன். இன்னிக்குக் காலைல மொகத்தத் திருப்பிக்கிட்டதும் அதுக்குத்தான். நான் சொல்லிருக்கப்படாது. ஒன்னியப் பாத்தா சொல்லாம இருக்க முடியல." சொல்லிவிட்டு ஆறிப்போன வடையை எடுத்து அவனிடம் நீட்டினார்.

அடுத்த பஸ்ஸில் ஏட்டு விரலைக் கோக்கவில்லை, சும்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி என்று போனில் பேசிக்கொண்டிருந்தார். இரைச்சல் நின்றுவிடும் என்று அவன் நினைத்தான், நிற்கவில்லை, கூடிவிட்டது. ஆட்கள் இருக்கிற பக்கம் முகம் வைத்துப் படுத்தது அதற்குத்தானா. அப்படியானால் ராத்திரியெல்லாம் அண்ணன் தூங்கவே இல்லையா, எந்த ராத்திரியும் தூங்கவில்லையா. நான் அந்த முதுகைப் பார்த்துக் கோபப்பட்டுக்கொண்டே நன்றாகத் தூங்கினேன். மிதி வாங்கினவனிடம் முட்டைக்காகப் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் முன்னால் அவனைக் காட்டிக்கொடுக்கத் தயாராகச் சொல்லிப் பார்த்தேனே, எத்தனை தரம் சொல்லிப் பார்த்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்போது அங்கே அண்ணன் தனியாக இருக்கிறான், அவனை ஒட்டிப் படுக்க ஆள் கிடையாது, காசி இருக்கிறான், இன்றைக்கே ஏதாவது செய்வானோ, இனிமேல் அண்ணனுக்குத் துணைக்கு யார் இருக்கிறார்கள், ஆயுசு பூராவும் என்றால் எவ்வளவு, அண்ணனுக்குத் தலை நரைக்கிற வரைக்குமா. சின்னப்பயலுக்கு மூன்று வருசந்தான். இதைச் சொன்னது காசியின் வாய். ஆனால் கெட்டவன் சொன்னதாலேயே அது பொய்யாகிவிடுமா. கத்தியைக் கொடுத்தது என் கைதானே, கொடுக்காமல் இருந்திருந்தால் அது நடந்தே இருக்காது, அப்படிப் பார்த்தால் நான்தான் என்று சொல்வது முழுப் பொய்கூட இல்லை. அண்ணன் என்னைத் தப்பிக்கவைக்கத் தள்ளினான், நான் அண்ணனைத் தப்பிக்கவைக்கிறேன், இதில் என்ன தப்பு. தப்பு எங்கேயோ இருக்கிற மாதிரி இருந்தது, எங்கே என்று பிடிபடவில்லை, பிடிக்கப் போனால் அண்ணனின் வீங்கிய உதடு வந்து குறுக்கே நின்றது. இந்த யோசனையை அண்ணனிடம் கேட்டால் பல்லை உடைப்பான். கேட்க முடியாது என்பதே இப்போது நல்லதாகப் போயிற்று. நேற்று வரை அண்ணன் சொன்னதைத்தான் அவன் செய்தான். முதல்முறையாக அவனைக் கேட்காமல் ஒன்று செய்யப்போகிறான் என்பது பயமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கூர்நோக்கு இல்லத்தின் கேட் சாதாரண வீட்டுக் கேட் உயரந்தான் இருந்தது. உள்ளே வேப்பமரத்தடியில் பையன்கள் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள், பந்து யார்மேலோ பட்டது, சண்டை வரும் என்று பார்த்தான், சிரித்தார்கள். யாரும் முறைத்துப் பார்க்கவில்லை. சூப்பிரண்டு அறையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார், பருத்திச் சேலை, மூக்கில் கண்ணாடி இறங்கியிருந்தது, ஏட்டு கொண்டுவந்த உத்தரவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அவனை உட்காரச் சொன்னார். பெரிய ஜெயிலில் யாரும் அவனை நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை. உட்காரலாமா என்று ஏட்டைப் பார்த்தான், அவர் தலையசைத்தார், நுனியில் உட்கார்ந்தான். நாளைக்குத்தான் கேட்பார்கள் என்று தெரியும். நாளை வரைக்கும் தாங்காது, ராத்திரி படுத்தால் மனசு மாறிவிடும், ஒருவேளை இங்கேயும் யோசனை கேட்க ஆள் இருக்கும், நல்ல ஆளாக வேறு இருந்து தொலையும், அப்புறம் வாய் வராது. அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "சாப்ட்டியாப்பா?" என்று கேட்டார்.

"நாந்தான் குத்துனேன் மேடம்" என்றான் பேச்சிராஜா. "எங்க அண்ணன் குத்தல. கத்தி எங்கையிலதான் இருந்துச்சு."

ஏட்டு தங்கப்பழத்துக்கு முகம் செத்துப்போயிற்று. "ஏல" என்றார். அந்த அம்மா ஏட்டைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். "அதக் கேக்க வேற ஆளு இருக்காங்கப்பா. ஒனக்குன்னு வக்கீல் வருவாங்க, அவங்ககிட்டப் பேசிட்டு அப்புறம் சொல்லு. நான் சாப்பாட்டத்தான் கேட்டேன்." அவர் அவ்வளவு மெதுவாகச் சொன்னதில் அவன் பயந்துபோனான். அவர் நம்பவில்லை, நம்பவைக்க வேண்டும், சத்தமாகச் சொன்னால் நம்புவார். "நாந்தான் மேடம், எழுதிக்கோங்க, நாந்தான்" என்றான், கண்ணீர் தாடையில் இறங்கி வாய்க்குள் போனது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை, மறுபடியும் நாந்தான் என்றான், பிறகும் என்றான், வெளியே பந்தாட்டம் நின்று பையன்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா எதையும் எழுதவில்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, உள்ளே சோறு இருக்கிறதா பார் என்று சமையல்காரரைக் கூப்பிட்டார்.